கலைத்துறையில் பிழைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடிப்பு, பாட்டு, நடனம், வாத்தியம், மேடை நகைச்சுவை, டப்பிங் என்று ஏதோ ஒன்றைத் தொழிலாகக் கொள்ள நினைப்பவர்களும், ஏற்கெனவே உள்ளே வந்து விழி பிதுங்கி நிற்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. நட்சத்திரம் ஆவது எப்படி என்பதற்கு இங்கே பதில் இல்லை. அது யாருக்கும் தெரியாது.

இதை மட்டும் நம்பிப் பிழைக்க முடியுமா?

முடிகிறவர்கள் உண்டு. எந்த நாட்டிலும் அவர்கள் சிறுபான்மைதான். திறமை இருந்தும் பலரால் முடியாமல் போவதற்குக் காரணம் சம்பளம் குறைவு என்பதல்ல, வேலை நாட்கள் குறைவு என்பதே. ஒரு நாள் சம்பளத்தைக் கேட்டால் கண் விரியும். அதை 20 நாளால் பெருக்கி, 12-ஆல் வகுத்துப் பாருங்கள். வருடத்தில் இருபது நாள் வேலை கிடைப்பவரின் மாத வருமானம் அதுதான்.

அதிலும் பிடித்தம் உண்டு. ஏஜென்டுக்கு 10 சதவீதம், மேனேஜர் இருந்தால் இன்னொரு 15 சதவீதம் என்பது பரவலான வழக்கம். அப்படியானால் 100-இல் 25 வழியிலேயே இறங்கிவிடும். மிச்சத்திலிருந்து வரி, புகைப்படம், பயிற்சி வகுப்பு, பயணம், உடை. கையில் நிற்பது பாதியைத் தாண்டினால் நல்ல காலம்.

அப்படியானால் பணத்தை எப்படிச் சமாளிப்பது?

மாதச் சம்பளக்காரரின் கணக்கு இங்கே செல்லாது. மூன்று வங்கிக் கணக்குகள் வைத்துக்கொள்ளுங்கள். வருகிற பணமெல்லாம் முதல் கணக்கில் விழட்டும். விழுந்த அன்றே வரிக்கான பங்கை இரண்டாவது கணக்குக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் வரி விகிதம் தெரியாதவரை நான்கில் ஒரு பங்கை ஒதுக்குவது பாதுகாப்பு. மூன்றாவது கணக்குக்கு மாதம் ஒரே தொகை போகட்டும். அதுதான் உங்கள் 'சம்பளம்'.

அந்தத் தொகையை நல்ல மாதத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. கடந்த 24 மாத வருமானத்தைக் கூட்டி 24-ஆல் வகுத்து, அதில் முக்கால் பங்கை எடுங்கள். வாடகை, சாப்பாடு, மருந்து, போக்குவரத்து ஆகியவற்றுக்குக் குறைந்தது ஆறு மாதச் செலவு முதல் கணக்கில் எப்போதும் கிடக்க வேண்டும். முதல் பெரிய தொகை வந்ததும் தவணையில் கார் வாங்குவது இந்தத் தொழிலின் பழைய வியாதி. தவணை மாதாமாதம் தவறாமல் வரும், வாய்ப்பு வராது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்வது என்பது சேமிப்புக்குத்தான் பொருந்தும், செலவுக்கு அல்ல.

பக்கத்தில் இன்னொரு வேலை வைத்துக்கொண்டால் கவனம் சிதறாதா?

வாடகை பாக்கி அதைவிட அதிகமாகச் சிதறடிக்கும். பார்க்க வேண்டியது நேரம்தான்: முந்தின நாள் சொல்லிவிட்டு விடுப்பு எடுக்க முடிகிற வேலையா? மொழிபெயர்ப்பு, பாடம் சொல்லிக்கொடுத்தல், எடிட்டிங், ஓட்டுநர் வேலை போன்றவை ஒத்துவரும். காலை ஒன்பது மணிக்குக் கட்டாயம் நாற்காலியில் இருக்க வேண்டிய வேலை ஒத்துவராது.

இவ்வளவு கஷ்டம் என்றால் ஏன் இதில் இருக்கிறார்கள்?

புகழுக்காக என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பத்து வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தவர்களைக் கவனித்தால் வேறு காரணங்கள் தென்படும். ஒத்திகையின் மூன்றாவது வாரத்தில், அதுவரை மரக்கட்டையாகக் கிடந்த காட்சி திடீரென்று உயிர் பெறும். எதிரில் நிற்பவர் சொன்னதை நீங்கள் உண்மையாகவே முதல் தடவை கேட்பதுபோல் கேட்டிருப்பீர்கள். அரங்கம் முழுக்க ஒரே கணத்தில் மூச்சை அடக்குவதை மேடையில் நிற்பவரால் காதால் உணர முடியும். இந்த அனுபவத்தை விலை கொடுத்து வாங்க முடியாது.

கண்ணுக்குத் தெரியும் பலன்களும் உண்டு. ஒரு வேடத்துக்காக நீச்சலோ வாள்சண்டையோ வேறொரு வட்டார வழக்கோ கற்கிறீர்கள், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். வயது இங்கே முழுக்க எதிரியல்ல. கதாநாயக வேடங்கள் குறையும்போது குணச்சித்திர வேடங்கள் கூடும், அதற்குள் போட்டியாளர்களில் பாதிப்பேர் தொழிலை விட்டே போயிருப்பார்கள். மறு ஒளிபரப்புக்கும் மறு பயன்பாட்டுக்கும் பங்கு தரும் ஒப்பந்தம் இருந்தால், பழைய வேலைக்குப் பல வருடம் கழித்தும் பணம் வரும். பெரும்பாலும் சின்னத் தொகைதான், ஆனாலும் இனிப்பானது.

ஒரு எச்சரிக்கை: நாடகம் முடிந்த மறுநாள், படப்பிடிப்பு முடிந்த வாரம், பலருக்குக் காரணமில்லாத வெறுமை வரும். பல வாரம் உச்சத்தில் இருந்த உடல் இறங்குகிறது, கூடியிருந்த கூட்டமும் ஒரே நாளில் கலைகிறது. அதைத் தோல்வி என்று நினைத்துப் பெரிய முடிவுகள் எடுக்காதீர்கள். இரண்டு வாரம் போகட்டும்.

எத்தனை ஆடிஷனுக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கும்?

எண் சொல்பவர் எவரையும் நம்பாதீர்கள். அடுத்தடுத்து நிராகரிப்புகள் வருவது திறமையானவர்களுக்கும் சாதாரணம். ஏன் கிடைக்கவில்லை என்பதும் பெரும்பாலும் நடிப்பைச் சேர்ந்ததாக இருக்காது: ஏற்கெனவே தேர்வான நாயகியைவிட நீங்கள் உயரம் குறைவு, அண்ணனாக நடிப்பவரின் முகத்தோடு உங்கள் முகம் சேரவில்லை, தேதி ஒத்துவரவில்லை, அந்த வேடமே கதையிலிருந்து வெட்டப்பட்டுவிட்டது. இவை எதையும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

ஒரு நோட்டில் தேதி, வேடம், யார் பார்த்தது, இரண்டாம் சுற்றுக்கு அழைத்தார்களா என்று மட்டும் எழுதிவையுங்கள். இரண்டாம் சுற்று அழைப்புகள் வந்துகொண்டிருந்தால் உங்கள் வேலை சரியாக இருக்கிறது, கிடைக்காதது காலக் கோளாறு. ஐம்பது தடவை போயும் ஒரு இரண்டாம் சுற்றுகூட இல்லையென்றால், தவறான வகை வேடங்களுக்குப் போகிறீர்கள் அல்லது பயிற்சி போதவில்லை. இரண்டும் திருத்தக்கூடியவை.

வீட்டிலிருந்து ஆடிஷன் வீடியோ அனுப்பச் சொல்கிறார்கள். எப்படி எடுப்பது?

நல்ல கைபேசி போதும். அதைப் படுக்கைவாட்டில், கண் உயரத்தில், முக்காலியில் நிறுத்துங்கள். 1920×1080 அளவு போதுமானது. 4கே-யில் எடுத்தால் கோப்பு பெருத்து, பார்ப்பவர் திறக்காமலே போகக்கூடும். பின்னணி வெற்றுச் சுவர் அல்லது சாம்பல், மங்கிய நீலத் துணி. சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நில்லுங்கள், இல்லையென்றால் உங்கள் நிழல் பின்னால் பேயாக நிற்கும். சட்டகம் நெஞ்சுக்கு மேலே, தலைக்கு மேல் கொஞ்சம் இடம்.

முதன்மை விளக்கு கேமராவுக்கு ஒரு பக்கமாக 45 பாகையில், கண்ணைவிடச் சற்று உயரத்தில். மறுபக்கம் வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்தினால் நிழல் மென்மையாகும். வீடியோவில் வெளிச்சம் துடித்தால் குற்றவாளி மின்சாரத்தின் அலைவெண். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120 வையுங்கள்.

படம் சுமாராக இருந்தால் மன்னிப்பார்கள், ஒலி கெட்டால் மூடிவிடுவார்கள். மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் அணையுங்கள். வெற்று அறை எதிரொலிக்கும். போர்வை, மெத்தை, துணி நிறைந்த அலமாரி உள்ள அறை சிறந்தது. சட்டையில் மாட்டும் சின்ன மைக் கிடைத்தால் நல்லது.

எதிர் வசனம் படிப்பவரை லென்ஸை ஒட்டிப் பக்கத்தில் நிறுத்துங்கள். அவர் தள்ளி நின்றால் உங்கள் முகம் பக்கவாட்டில் மட்டுமே தெரியும். அவர் மைக்குக்கு அருகில் இருப்பதால் குரலைத் தணித்துப் படிக்க வேண்டும். வசனம் பேசும்போது லென்ஸைப் பார்க்காதீர்கள், பெயரும் உயரமும் சொல்லும் அறிமுகத்தில் மட்டும் பாருங்கள். அனுப்புவது இரண்டு டேக் போதும், இரண்டும் ஒன்றுக்கொன்று வேறாக இருக்க வேண்டும். முப்பது தடவை எடுத்தால் முப்பதாவதில் உயிர் இருக்காது. கோப்புக்குப் பெயர், வேடம் என்று தலைப்பிடுங்கள். காலாவதியாகும் இணைப்பை அனுப்பாதீர்கள், கடவுச்சொல் இருந்தால் அதே மின்னஞ்சலில் எழுதுங்கள்.

புகைப்படமும் ஷோரீலும் (நீங்கள் நடித்த துண்டுகளைச் சேர்த்த வீடியோ) எப்படி இருக்க வேண்டும்?

கதவைத் திறந்து நீங்கள் உள்ளே வரும்போது, படத்தில் இருப்பவரே வர வேண்டும். தோலை வழவழப்பாக்கிய படம் வாய்ப்பைக் கெடுக்கும். முடியோ எடையோ தாடியோ மாறினால் புதுப் படம். ஷோரீல் ஒன்றரை நிமிடம், சிறந்த துண்டு முதல் பத்து நொடிக்குள். பின்னணி இசை போட்ட தொகுப்புக் காட்சிகள் வேண்டாம், நீங்கள் பேசுவதும் கேட்பதும்தான் தெரிய வேண்டும்.

பணம் கட்டினால் வாய்ப்பு தருகிறோம் என்கிறார்களே?

மோசடி. பதிவுக் கட்டணம், 'எங்கள் புகைப்படக்காரரிடம் மட்டும் படம் எடுக்க வேண்டும்', 'தேர்வாகிவிட்டீர்கள், உடைக்கு முன்பணம்' எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். உண்மையான ஏஜென்ட் நீங்கள் சம்பாதித்த பிறகு அதிலிருந்து எடுப்பார். விடுதி அறைக்குத் தனியாக வரச்சொல்லும் ஆடிஷனுக்கும் இதே பதில்: போகாதீர்கள்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

சம்பளத் தொகையைக் கடைசியாகப் பாருங்கள். வலி வருவது மற்ற வரிகளிலிருந்துதான்.

முதலில் காலம். எத்தனை நாள், எந்தத் தேதிகளுக்குள், நாள் தள்ளிப்போனால் கூடுதல் சம்பளம் உண்டா, கடைசி நேரத்தில் ரத்தானால் எவ்வளவு? 'மறுபடப்பிடிப்புக்கும் டப்பிங்குக்கும் தேவைப்படும்போது வர வேண்டும்' என்ற வரிக்கு நாள் எண்ணிக்கை போட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அது முடிவில்லாத இலவச வேலை. 1944-இல் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு எதிராக கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது இதே மாதிரிப் பிரச்சினையில்தான். ஏழு வருட ஒப்பந்தத்தில், அவர் வேடத்தை மறுத்ததால் இடைநிறுத்தப்பட்ட காலத்தை நிறுவனம் பின்னால் சேர்த்து நீட்டிக்கொண்டே போனது. ஏழு வருடம் என்றால் காலண்டரில் ஏழு வருடம்தான் என்றது நீதிமன்றம்.

அடுத்தது பயன்பாடு. விளம்பரங்களில் இதுதான் உயிர்நாடி. எந்த ஊடகம், எந்த நாடுகள், எத்தனை மாதம் என்ற மூன்றும் எழுதப்பட வேண்டும். 'உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும், என்றென்றைக்கும்' என்று இருந்தால், அந்த ஒரு நாள் சம்பளத்துக்கு முகத்தையே விற்றுவிட்டீர்கள் என்று பொருள். கூடவே பிரத்தியேக விதி இருக்கும்: ஒரு ஷாம்பு விளம்பரத்தில் நடித்தால் வேறு ஷாம்பு விளம்பரத்தில் நடிக்கக் கூடாது. எத்தனை காலம் கூடாது என்பதும், அந்தக் காலத்துக்குப் பணம் உண்டா என்பதும் முக்கியம்.

மூன்றாவது, லாபப் பங்கு. 'நிகர லாபத்தில் 5 சதவீதம்' என்று கேட்டால் இனிக்கும். நிகர லாபம் என்பதை வரையறுப்பவர் தயாரிப்பாளர். விநியோகக் கட்டணம், விளம்பரச் செலவு, வட்டி, அலுவலகச் செலவு எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுவதுதான் அது. 1988-இல் வெளிவந்து உலகெங்கும் பெருவசூல் கண்ட ஒரு நகைச்சுவைப் படத்துக்காக எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் பாராமவுண்ட் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டபோது, அந்தப் படத்தில் நிகர லாபமே இல்லை என்று நிறுவனம் வாதிட்டது. கேட்பதென்றால் மொத்த வசூலில் பங்கு கேளுங்கள், அல்லது இத்தனை வசூலானால் இவ்வளவு ஊக்கத்தொகை என்று நிலையான எண்ணாகக் கேளுங்கள். இரண்டும் கிடைக்காவிட்டால் லாபப் பங்கைப் பூஜ்யமாக எண்ணி, சம்பளம் போதுமா என்று பாருங்கள்.

மற்றபடி: திரையில் பெயர் எங்கே, எந்த அளவில் வரும், பயணமும் தங்கலும் யார் செலவு, காயம்பட்டால் காப்பீடு யாருடையது. வாயால் சொன்னதெல்லாம் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அது இல்லாததுதான்.

செயற்கை நுண்ணறிவில் என் முகமோ குரலோ பயன்படுத்தப்பட்டால்?

2023-இல் அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். முடிவில் வந்த ஒப்பந்தம், நடிகரின் டிஜிட்டல் நகலை உருவாக்கவும் பயன்படுத்தவும் அவரது சம்மதமும் அதற்கான ஊதியமும் தேவை என்ற விதிகளைச் சேர்த்தது. சங்கம் இல்லாத இடத்தில் நீங்கள்தான் சங்கம். 'இனிக் கண்டுபிடிக்கப்படும் தொழில்நுட்பங்கள் உட்பட' என்ற சொற்களை அடித்துவிடச் சொல்லுங்கள். 'இந்தப் படைப்பைத் தவிர வேறெதற்கும், மென்பொருளைப் பயிற்றுவிப்பதற்கும் பயன்படுத்தக் கூடாது' என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். டப்பிங் கலைஞர்கள் இதை மறக்கவே கூடாது. சில மணி நேரச் சுத்தமான குரல் பதிவு, நகல் எடுக்கத் தாராளமாகப் போதும்.

வேலை முடிந்தது, பணம் வரவில்லை. என்ன செய்வது?

வேலை முடிந்த அன்றே விலைப்பட்டியல் அனுப்பியிருக்க வேண்டும். தேதி, வேலை விவரம், தொகை, கட்ட வேண்டிய கடைசி நாள், வங்கி விவரம் எல்லாம் அதில் இருக்கட்டும். கெடு தாண்டிய மறுநாள் கணக்குப் பிரிவுக்கு ஒரு நினைவூட்டல், இயக்குநருக்கு அல்ல. ஒரு வாரம் கழித்து இரண்டாவது. மூன்றாவது கடிதத்தில் பதினைந்து நாள் கெடுவும், அடுத்து சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ போவோம் என்ற செய்தியும். எல்லாம் எழுத்தில், கோபமில்லாமல். தொலைபேசியில் பேசினால், பேசியதை உடனே மின்னஞ்சலாக அனுப்பிவையுங்கள்.

ஒரு நடைமுறை உண்மை: படம் வெளியாகும்வரை உங்கள் பேச்சுக்கு மதிப்பு உண்டு, அதற்குப் பிறகு குறைந்துவிடும். டப்பிங்குக்கு முன் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குபவர்கள் விவரமானவர்கள்.

ஒரு படப்பிடிப்பு நாள் எப்படி இருக்கும்?

பன்னிரண்டு மணி நேரம் இருப்பீர்கள், நடிப்பது ஒரு மணி நேரம்கூட இருக்காது. மிச்சமெல்லாம் விளக்கு மாற்றுவது, கேமராவுக்குத் தண்டவாளம் போடுவது, மேகம் விலகக் காத்திருப்பது. சம்பளம் காத்திருப்பதற்கு, நடிப்பு இலவசம் என்று பழைய கைகள் சொல்வது பாதி உண்மை.

வழக்கமாக அகலக் காட்சியை முதலில் எடுத்து, பிறகு நெருக்கக் காட்சிக்கு வருவார்கள். புதியவர்கள் அகலக் காட்சியிலேயே அழுது தீர்த்துவிட்டு, முகம் திரையை நிறைக்கும் நேரத்தில் வறண்டு நிற்பார்கள். முதல் டேக்குகளில் அசைவுகள் துல்லியமாக இருக்கட்டும், கண்ணீரைச் சேமித்து வையுங்கள். எந்தச் சொல்லில் கோப்பையைத் தூக்கினீர்கள், எந்தக் கையால் என்பதை நினைவில் வையுங்கள். டேக்குக்கு டேக் அது மாறினால் எடிட்டர் உங்கள் சிறந்த நடிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, கை பொருந்துகிற சுமாரான டேக்கை எடுத்துக்கொள்வார்.

குரலையும் காதையும் எப்படிக் காப்பது?

குடிக்கிற தண்ணீர் குரல்நாணைத் தொடுவதே இல்லை, அது உணவுக்குழாய் வழியே போகிறது. உடல் முழுக்க ஈரம் சேர்ந்தால்தான் குரல்நாணும் ஈரமாகும். ஆகவே மேடை ஏறும் முன் ஒரு பாட்டில் குடித்துப் பயனில்லை, நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். நேரடியாக ஈரம் சேர்ப்பது ஆவி. தொண்டை கட்டினால் கிசுகிசுப்பாகப் பேசாதீர்கள், பலருக்கு அது கூடுதல் அழுத்தம். பேசாமலிருப்பதே ஓய்வு. மெல்லிய ஸ்ட்ரா வழியாக 'ஊ' என்று ஐந்து நிமிடம் ஏற்றி இறக்கி ஒலிப்பது நல்ல வார்ம்-அப். கரகரப்பு இரண்டு வாரம் தாண்டினால் தொண்டை மருத்துவரிடம் போங்கள். பாடும்போது திடீரென்று குரல் போய்விட்டால் அன்றே போங்கள், அது குரல்நாணில் இரத்தக் கசிவாக இருக்கலாம். அதன் மேல் பாடினால் நிரந்தரச் சேதம் வரலாம்.

காதுக்கு: 85 டெசிபெலில் 8 மணி நேரம் பாதுகாப்பான எல்லை என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி, 100-இல் 15 நிமிடம். டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்பவர் 100-ஐச் சுலபமாகத் தாண்டுவார். இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான்கள் எல்லா அலைவெண்ணையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைப்பதால் சுருதி கெடாது. பஞ்சு வைத்தால் மேல்சுரங்கள் மட்டும் மங்கிப்போகும்.

மேடை நடுக்கம் போகவே மாட்டேன் என்கிறது.

போக வேண்டியதில்லை, குறைந்தால் போதும். முதல் முப்பது நொடியை மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் செய்யும் அளவுக்குப் பயிலுங்கள், அதற்குள் நடுக்கம் இறங்க ஆரம்பிக்கும். உள்ளிழுப்பதைவிட வெளிவிடும் மூச்சை நீளமாக்குங்கள். வாத்தியக்காரர்கள் சிலர் கை நடுக்கத்துக்கு ப்ரோப்ரனலால் மாத்திரை எடுக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. நண்பரிடம் வாங்கி விழுங்குகிற மாத்திரை அல்ல.

நெருக்கமான காட்சிகளில் நடிக்கச் சொன்னால்?

என்ன காட்டப்படும், எது தொடப்படும், யாரெல்லாம் தளத்தில் இருப்பார்கள் என்பது படப்பிடிப்புக்கு முன்பே எழுத்தில் வர வேண்டும். சண்டைக்காட்சி போலவே இதையும் அசைவு அசைவாக வகுத்து ஒத்திகை பார்க்க இப்போது தனி ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள், கேட்டு வாங்கலாம். அங்கே வந்த பிறகு 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்டால் பதில்: 'ஒப்பந்தத்தில் அது இல்லை.' முன்பு கொடுத்த சம்மதத்தை அன்றைக்குத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு.

குழந்தையை நடிக்க அனுப்பலாமா?

குழந்தை சோர்ந்த பிறகும் 'இன்னொரு டேக்' என்று பெற்றோரே சொல்கிறார்கள் என்றால் அனுப்பாதீர்கள். பணத்தைத் தனியாகப் பூட்டிவையுங்கள். மௌனப்பட காலத்தில் உலகப் புகழ்பெற்ற குழந்தை நட்சத்திரம் ஜாக்கி கூகன் வயது வந்தபோது, அவர் சம்பாதித்ததில் பெரும்பகுதி செலவழிந்துபோயிருந்தது. தாயின் மேலும் மாற்றாந்தந்தையின் மேலும் அவர் வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 1939-இல் கலிபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. இன்றைய வடிவில் அது குழந்தையின் மொத்த வருமானத்தில் 15 சதவீதத்தை யாரும் தொட முடியாத கணக்கில் போடச் சொல்கிறது. உங்கள் நாட்டில் சட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கைத் திறக்க யாரும் தடையில்லை.

மேடைக்குப் பின்னால் வேலை செய்வது இரண்டாந்தரமா?

வருமானம் சீராக வருவது அங்கேதான். விளக்கு, ஒலி, உடை, மேடை மேலாண்மை தெரிந்தவர் எந்த ஊரிலும் பட்டினி கிடப்பது அரிது. முகச்சுருக்கம் அவர்களைப் பாதிக்காது.

இரண்டு, மூன்று வருடம் விலகிப் போய்விட்டுத் திரும்ப முடியுமா?

முடியும். இந்தத் தொழிலில் யாரும் உங்கள் இடைவெளியை எண்ணிக்கொண்டிருப்பதில்லை, அவரவர் பாடு அவரவருக்கு. திரும்பும்போது பழைய வேட வகையைக் கேட்காதீர்கள். இருபத்தெட்டில் கல்லூரி மாணவராக நடித்தவர் முப்பத்திரண்டில் இளம் தகப்பன். புதுப் புகைப்படம், புதிதாக எடுத்த இரண்டு காட்சிகள், முன்பு கூட வேலை செய்த உதவி இயக்குநர்களின் பட்டியல் ஆகியவற்றோடு ஆரம்பியுங்கள். அந்த உதவி இயக்குநர்களில் சிலர் இதற்குள் இயக்குநராகியிருப்பார்கள். முதல் தொலைபேசி அழைப்பு அவர்களுக்குப் போகட்டும்.